கிளாக்கோமா ஆபரேஷனுக்கு அப்புறம் கண் பிரஷர் 4-க்கு இறங்கிவிட்டது, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்?

கல்மண்டபம் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வலது கண்ணில் கிளாக்கோமா, அதாவது கண்ணுக்குள் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பு கெடுவது. அதற்கு நீரை வடியவிடும் டிராபெக்குலெக்டமி என்கிற ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். மூன்று வகை சொட்டு மருந்து போட்டும் பிரஷர் 28, 30 என்றே நின்றது. இனி ஆபரேஷன்தான் என்று சொல்லித்தான் செய்தார்கள். முதல் வாரம் 11 என்று வந்தது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த முறை போனபோது 4. பார்வையும் முன்பு இருந்ததைவிட மங்கல், சுவரில் தொங்கும் காலண்டரில் பெரிய எழுத்துத் தேதிகூடத் தெரியவில்லை என்கிறார்.

டாக்டர் பார்த்துவிட்டு, பிரஷர் தேவைக்கு மேல் இறங்கியிருக்கிறது, கண்ணின் முன்பக்கம் நீர் நிற்கும் இடமான முன்னறையின் ஆழம் குறைந்திருக்கிறது, பின்னால் கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது என்றார். அட்ரோபின் சொட்டு எழுதினார், தலையை உயர்த்திப் படுக்கச் சொன்னார், இரண்டு நாளில் திரும்ப வரச் சொன்னார். வெளியே அவ்வளவு கூட்டம், அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

என் குழப்பம் இதுதான். பிரஷர் ஏறினால் பார்வை போகும் என்றுதானே ஆபரேஷனே செய்தோம்? இறங்கினால் நல்லதுதானே? அப்படியிருக்க ஏன் மங்கல்? அத்தை வந்து பார்த்துவிட்டு ஆபரேஷன் ஃபெயில் என்று தீர்ப்பே சொல்லிவிட்டுப் போய்விட்டார், அப்பா அன்றிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. இன்னொன்று, எங்கள் வீடு மாடியில், தண்ணீர் கீழே அடிபம்பில்தான். காலையில் தண்ணீர் வரும் நேரத்துக்கு அப்பா தானே இறங்கிப் போய் அடித்துக் குடத்தைத் தூக்கி வருகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. மலச்சிக்கலும் உண்டு. இவையெல்லாம் கண்ணைப் பாதிக்குமா? வீட்டில் நான் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?


பழைய வார்டு:

நான் கண் வார்டில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் அந்த அடிபம்பை நிறுத்துமா. இன்றைக்கே. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

கண்ணில் பிரஷர் பொதுவாக 10-லிருந்து 21-க்குள் இருக்கும். ஆபரேஷனில் கண்ணின் வெள்ளை விழியில் ஒரு சிறு மூடி மாதிரி வெட்டி, அதன் அடியில் ஒரு துவாரம் போட்டு, கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளித்தோலுக்கு அடியில் வடிய வழி செய்கிறார்கள். மேல் இமையைத் தூக்கிப் பார்த்தால் அங்கே சின்னதாக ஒரு மேடு தெரியும், அதைத்தான் பிளெப் என்று சொல்வார்கள். நீர் தேவைக்கு மேல் வடிந்தால் கண் தளர்ந்துவிடும். காற்று குறைந்த சைக்கிள் டயரை நினைத்துக்கொள், உருவம் நிற்காது. உள்ளே விழித்திரை லேசாகச் சுருங்கும், அதற்கு அடுத்த படலத்தில் நீர் கோத்துக்கொள்ளும், பார்வை மங்கும். 4 என்பது குறைவுதான். ஆனால் ஆபரேஷன் ஆன முதல் சில வாரங்களில் இதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் கண் தானாகவே தேறிவிடும். உன் அத்தை சொன்னதை அப்பா மனதிலிருந்து எடு.

பயம் எதில் என்றால், பிரஷர் இப்படித் தாழ்ந்திருக்கிற கண்ணில் அப்பா மூச்சைப் பிடித்து ஒரு கனத்தைத் தூக்கினாலோ, முக்கினாலோ, விடாமல் இருமினாலோ, உள்ளே ஒரு ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் கோத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அப்படி ஆனால் திடீரென்று தாங்க முடியாத வலி வரும், வாந்திகூட வரும், பார்வை ஒரேயடியாக இறங்கும். அது ஆபத்து. எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால்தான் குடம் வேண்டாம், பம்பு வேண்டாம், தரையில் கிடக்கிற செருப்பைக்கூடக் குனிந்து எடுக்க வேண்டாம் என்கிறோம். மலச்சிக்கலுக்கு டாக்டரிடம் கேட்டு இசப்கோல் மாதிரி ஏதாவது இரவில் கொடு. கொய்யாப்பழம், கீரை, நிறையத் தண்ணீர். இருமல் இருந்தால் அதைச் சின்ன விஷயமாக விடாமல் மருந்து வாங்கு.

அப்பா ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோப்பிடோக்ரெல் ஏதாவது சாப்பிடுகிறாரா? சாப்பிட்டால் கண் டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா? நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்காகக் கொடுத்தது. இரண்டு டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.


லென்ஸ் பெட்டி:

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி பவர் பார்ப்பவன், வண்ணாரப்பேட்டை பக்கம். சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிரஷர் தாழ்வாக இருப்பதற்குக் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மூடி தளர்வாக இருந்து உள்ளேயே அதிகம் வடியலாம், அப்போது பிளெப் நன்றாக உப்பியிருக்கும். அல்லது மேல்தோலில் தையல் போட்ட இடத்தில் கசிந்து நீர் கண்ணுக்கு வெளியே வழியலாம், அப்போது பிளெப் சப்பையாக இருக்கும். இது இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதனால் கேட்கிறேன், அப்பாவுக்கு அந்தக் கண்ணில் மட்டும் தண்ணீர் வடிகிறதா? காலையில் தலையணை உறை அந்தப் பக்கம் ஈரமாக இருக்கிறதா? இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மங்கல் பற்றி. அட்ரோபின் போட்டால் கண் பாப்பா விரிந்து நிற்கும், கிட்டப்பார்வை வேலை செய்யாது, வெளிச்சம் கூசும். அதன் வேலை கண்ணுக்குள் லென்ஸையும் பாப்பாவைச் சுற்றியுள்ள படலத்தையும் பின்னுக்குத் தள்ளி முன்னறைக்கு இடம் கொடுப்பது. அதனால் இப்போது இருக்கிற மங்கலில் ஒரு பங்கு மருந்தால் வந்தது. சொட்டை நிறுத்திய பிறகும் ஒரு வாரம், பத்து நாள் அந்த மங்கல் இருக்கும், பயப்படாதீர்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஆபரேஷன் செய்த கண்ணுக்குப் பழைய பிரஷர் சொட்டுகளை நிறுத்தியிருப்பார்கள், ஆனால் இடது கண்ணுக்கு அது தொடரும். இதை வீடுகளில் மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே தாழ்ந்து கிடக்கிற கண்ணில் பிரஷர் குறைக்கும் சொட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பாட்டில்களில் மார்க்கரால் வ, இ என்று பெரிதாக எழுதி வையுங்கள், இரண்டையும் தனித்தனி டப்பாவில் போடுங்கள்.


தண்டையார்பேட்டை தாத்தா:

அம்மாடி, எனக்கு இரண்டு கண்ணிலும் இந்த ஆபரேஷன் ஆகிப் பல வருடமாகிறது. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு.

முதலில் அவருக்கு ஒன்று புரிய வேண்டும். இந்த ஆபரேஷன் போன பார்வையைத் திருப்பித் தராது, இருப்பதைக் காப்பாற்றத்தான். காடராக்ட் ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரர் மறுநாளே பேப்பர் படிக்கிறார், எனக்கு ஏன் இப்படி என்று நானும் புழுங்கியிருக்கிறேன். யாரும் எனக்கு முன்கூட்டியே இதைத் தெளிவாகச் சொல்லவில்லை, அதுதான் என் பெரிய வருத்தம். சொல்லியிருந்தால் அந்த முதல் இரண்டு மாதம் இவ்வளவு மனம் உடைந்திருக்க மாட்டேன். எனக்குப் பார்வை நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி. அது தணிய நேரம் எடுத்தது.

நம்ம ஏரியாவுக்கென்று சில விஷயம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகிற புழுதி கண்ணில் விழுந்தால் கை தானாகக் கண்ணைத் தேய்க்கப் போகும். தேய்க்கவே கூடாது. வெளியே போனால் பக்கமும் மூடின கண்ணாடி, இரவில் பிளாஸ்டிக் ஷீல்டு. தலைக்குக் குளிப்பதை டாக்டர் சொல்லும் வரை நிறுத்தி, கழுத்துக்குக் கீழே மட்டும் ஊற்றிக்கொள்ளச் சொல். தலை அலச வேண்டியிருந்தால் சலூனில் செய்கிற மாதிரி பின்பக்கம் சாய்ந்து வேறு யாராவது அலசிவிடட்டும். வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனால் விழுந்து கும்பிட வேண்டாம், நின்று கும்பிட்டால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அப்புறம் இது எல்லாவற்றையும்விட முக்கியம். எனக்கு ஆபரேஷன் ஆகி நாலைந்து வருடம் கழித்து, எல்லாம் மறந்துபோய் சாதாரணமாக இருந்த நேரத்தில், ஒரு நாள் காலையில் இடது கண் சிவந்து வெளிச்சம் கூசியது, லேசான வலி, கொஞ்சம் பூளை. சாதாரணக் கண்வலி, மெட்ராஸ் ஐ என்று வீட்டில் சொன்னார்கள். என் மருமகள் மட்டும் இமையைத் தூக்கிப் பார்த்தாள். எப்போதும் கண்ணாடி மாதிரி இருக்கிற அந்த மேடு பால் நிறத்தில் வெளுத்து, சுற்றிலும் ரத்தமாகச் சிவந்திருந்தது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனாள். பிளெப்பில் கிருமி பிடித்துவிட்டது, நல்ல வேளை உள்ளே இறங்கவில்லை என்றார் டாக்டர். மணிக்கொரு தரம் ஆன்டிபயாடிக் சொட்டு, இரவிலும் எழுப்பி எழுப்பிப் போட்டாள். கண் பிழைத்தது. இரண்டு நாள் தள்ளியிருந்தால் கண்ணுக்குள் சீழ் பிடித்துப் பார்வை முழுசாகப் போயிருக்கும் என்றார். இந்த ஆபரேஷன் ஆன கண்ணுக்கு மெட்ராஸ் ஐ என்று மெடிக்கல் ஷாப்பில் சொட்டு வாங்கவே கூடாது, எத்தனை வருடமானாலும்.


மண்ணடி பாய்:

சகோதரி, என் வாப்பாவுக்கும் இதே. தொழுகையில் சஜ்தா செய்யக் குனிந்தால் கண்ணில் பிரஷர் மாறும் என்று டாக்டர் நிறுத்தச் சொன்னார். வாப்பா ஒரே பிடிவாதம். இமாமிடம் கேட்டோம், நாற்காலியில் உட்கார்ந்து தலையசைப்பாலேயே தொழலாம், நோயாளிக்கு மார்க்கம் இடம் கொடுத்திருக்கிறது என்று அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். அதற்கப்புறம்தான் கேட்டார். வயசானவர்களுக்கு நாம் சொன்னால் ஏறாது, அவர்கள் மதிக்கிற ஆள் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா மதிக்கிறவர் யார் என்று பாருங்கள்.


காலடிப்பேட்டை வாசகர்:

நான் சொல்வதைத் தப்பாக எடுக்க வேண்டாம். எங்கள் பாட்டி காலத்தில் கண் எரிச்சல், மங்கல் எதுவானாலும் தாய்ப்பால் இரண்டு சொட்டு, இல்லையென்றால் சுத்தமான விளக்கெண்ணெய் விடுவார்கள். குளிர்ச்சி. இவ்வளவு ரசாயனச் சொட்டு போடுவதால்தான் கண் எரிகிறது என்று நினைக்கிறேன். அதோடு ஒன்றிரண்டு நாள் இதையும் முயன்று பார்க்கலாமே.


பழைய வார்டு:

கூடாது. ஐயா, உங்கள் நல்ல மனது புரிகிறது, ஆனால் இதை இந்த இடத்தில் அப்படியே விட முடியாது, நாளைக்கு யாராவது படித்துவிட்டுச் செய்வார்கள். ஆபரேஷன் செய்த கண்ணில் தையல் இன்னும் ஆறவில்லை, வெளியிலிருந்து கண்ணுக்குள் போக ஒரு வழி திறந்திருக்கலாம். அதில் தாய்ப்பால், எண்ணெய், தேன், பன்னீர், எதை விட்டாலும் கிருமியைக் கையால் எடுத்து உள்ளே வைப்பதுதான். வார்டில் இப்படி வந்த கண்களை என் கையால் கழுவியிருக்கிறேன். அதில் ஒரு அம்மா, கொருக்குப்பேட்டையிலிருந்து வந்தவர், பேரக்குழந்தையின் தாய்ப்பாலை விட்டிருந்தார், கண்ணையே எடுக்க வேண்டி வந்தது. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

சொட்டு போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சோப்பு போட்டுக் கை கழுவு. பிரட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு சொட்டு பாட்டிலை நன்றாகக் குலுக்கு, மருந்து அடியில் தங்கியிருக்கும். கீழிமையை மட்டும் மெதுவாக இழு, மேல் இமையில் விரலை அழுத்தாதே, பிளெப் அங்கேதான் இருக்கிறது. பாட்டில் முனை இமை முடியிலோ கண்ணிலோ படக் கூடாது. ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் 5 நிமிடம் இடைவெளி. பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுது, ஒரு மாதம் ஆனதும் மீதி இருந்தாலும் தூக்கிப் போடு.


கல்மண்டபம் மகள்:

எல்லோருக்கும் நன்றி. லென்ஸ் பெட்டி அண்ணா கேட்ட அன்றே தலையணையைப் பார்த்தேன், உறை ஒரு பக்கம் நனைந்து காய்ந்து தடம் விழுந்திருந்தது. அடுத்த நாளே போய்விட்டோம், உள்ளே நுழைந்ததும் அதைத்தான் சொன்னேன். டாக்டர் ஒரு ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டையை ஈரமாக்கிக் கண்ணின் மேல் லேசாகத் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். என்னையும் பக்கத்திலிருந்த டியூபில் பார்க்கச் சொன்னார். கண் முழுக்க ஆரஞ்சு பூசியிருக்க, மேலே தையல் பக்கத்தில் ஒரு புள்ளியிலிருந்து பச்சையாக ஒரு கோடு மெல்லக் கீழே இறங்கியது. அதுதான் கசிவு என்றார். பிரஷர் 3.

கட்டு மாதிரி பாதுகாக்கிற பெரிய கான்டாக்ட் லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறார், அதை அவரேதான் எடுப்பார், விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது, எடுத்துக்கொண்டு உடனே வர வேண்டும். ஸ்டீராய்டு சொட்டைக் குறைத்திருக்கிறார், புண் ஆறட்டும் என்று. ஆன்டிபயாடிக் தொடர்கிறது. ஒரு வாரத்தில் மூடாவிட்டால் மறுபடி ஒரு தையல் போட வேண்டியிருக்கும், அது சின்ன வேலைதான் என்றார். அடிபம்பு விஷயம் முடிந்தது. கீழ் வீட்டு அண்ணன் பம்பைத் தான் அடித்துக் கொடுப்பதாக அப்பாவிடமே வந்து சொன்னார், அவர் அப்பாவோடு ஹார்பரில் வேலை பார்த்தவர். மண்ணடி அண்ணா, நீங்கள் சொன்னதுதான் நடந்தது.


வியாசர்பாடி எக்ஸ்பிரஸ்:

இன்னும் ஏன் அங்கேயே போய்க்கொண்டிருக்கிறீர்கள்? தையல் கசிகிறது என்றால் அவர்கள் சரியாகப் போடவில்லை என்றுதானே அர்த்தம்? நகரத்தில் பெரிய தனியார் கண் ஆஸ்பத்திரிக்கு இத்தனை பேர் வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள், நாம் இங்கேயே இருந்துகொண்டு ஏன் தயங்க வேண்டும்? என் சித்திக்கு இப்படி ஒரு சிக்கல் வந்தபோது முதலில் பார்த்த இடத்தில் சரியாகிவிடும், சரியாகிவிடும் என்றே இழுத்தடித்தார்கள். மாதக்கணக்கில் பிரஷர் தாழ்ந்தே கிடந்து விழித்திரையில் மடிப்பு விழுந்துவிட்டது. கோடெல்லாம் வளைந்து தெரிகிறது என்று இன்றும் சொல்கிறார். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.


லென்ஸ் பெட்டி:

உங்கள் கோபம் நியாயமானது. தாழ்ந்த பிரஷர் மாதக்கணக்கில் நீடித்தால் அந்த மடிப்பு நிலைத்துப்போக வாய்ப்பு உண்டு, வயது குறைந்தவர்களுக்கும் மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கும் கூடுதலாக. ஆனால் இந்த அப்பா விஷயத்தில் கசிவைச் சோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள், கெடு வைத்திருக்கிறார்கள், அடுத்து என்ன என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். சிக்கல் வருவதாலேயே செய்தவர் திறமை இல்லாதவர் என்று ஆகாது. எந்த இடத்தில் எத்தனை தையல், எவ்வளவு இறுக்கம், தழும்பு கட்டாமலிருக்க மைட்டோமைசின் எத்தனை நிமிடம் வைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். வேறு டாக்டரின் கருத்து கேட்பது உங்கள் உரிமை, அதில் தப்பே இல்லை. கேட்பதானால் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும் ஓரப் பார்வையைச் சோதிக்கும் பழைய ஃபீல்டு டெஸ்ட் பிரிண்டும் எடுத்துக்கொண்டு போங்கள். நடுவில் இரண்டு இடத்து மருந்தையும் கலந்து போடுவதுதான் ஆபத்து.


தண்டையார்பேட்டை தாத்தா:

தம்பி வியாசர்பாடி, பெரிய ஆஸ்பத்திரி என்று தூரத்தில் தேட வேண்டியதில்லை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-லிருந்து இருக்கிறது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த எலியட் என்ற வெள்ளைக்கார டாக்டர், கிளாக்கோமாவுக்குக் கண்ணில் சின்னதாக வட்டத் துளை போட்டு நீரை வடிய விடுகிற முறையை 1909-ல் எழுதி வெளியிட்டார். உலகம் முழுக்க அதைச் செய்தார்கள். அந்தத் துளைக்கு மூடி கிடையாது, அதனால் பிரஷர் ஒரேயடியாக இறங்குவதும் பின்னால் கிருமி பிடிப்பதும் நிறைய இருந்தது. 1968-ல் இங்கிலாந்தில் இருந்த கேர்ன்ஸ் என்கிற டாக்டர் மூடி வைத்துச் செய்யும் முறையை எழுதினார், இன்றைக்கு உன் வீட்டிலும் என் கண்ணிலும் இருப்பது அதன் வழி வந்ததுதான். எனக்கு இதைச் சொன்னது அங்கே படித்த ஒரு டாக்டர் பிள்ளை. நூறு வருடமாக எல்லோரும் போராடுவது இந்த ஒரு அளவுக்காகத்தான், அதிகமும் வடியக் கூடாது, குறைவாகவும் வடியக் கூடாது.

வழியும் சுலபம். விம்கோ நகரிலிருந்து வருகிற மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் அடுத்த ஸ்டேஷன். கூட்டத்தில் இடிபடாமல் அப்பாவைக் கூட்டிப் போக ஆட்டோவின் குலுக்கலைவிட அது மேல், லிஃப்ட்டும் இருக்கிறது.


மணலி மனோரஞ்சிதம்:

என் கணவருக்கு வேறு மாதிரி. டிராபெக்குலெக்டமி முன்பே ஒருமுறை செய்து தழும்பு கட்டி அடைத்துக்கொண்டதால், கண்ணில் டியூப் வைத்தார்கள். மதுரை அரவிந்தைச் சேர்ந்த ஆரோலேப் தயாரிக்கிறது, ஏ.ஏ.டி.ஐ என்று பெயர், வெளிநாட்டு டியூபைவிட விலை மிகவும் குறைவு. இதை எழுதக் காரணம், டியூப் வைத்தவர்களுக்கு நிலைமை தலைகீழ். இதில் வால்வு கிடையாது, அதனால் ஆரம்பத்தில் ஒரேயடியாக வடிந்துவிடாமல் டியூபைக் கரையும் நூலால் கட்டி வைக்கிறார்கள். அந்த நூல் கரைய ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை பிரஷர் இறங்காது! எங்களுக்கு முன்பே சொன்னதால் பதறவில்லை. அதுவரை பழைய சொட்டும் டயமாக்ஸ் மாத்திரையும் ஓடியது. மாத்திரையில் விரல் நுனி மரத்து மரத்துப் போனது, சாப்பாடு ருசிக்கவில்லை, சோர்வு. வாழைப்பழம், இளநீர் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுத்தேன், அவருக்குக் கிட்னி கொஞ்சம் பலவீனம்.

நூல் கரைந்த வாரம் ஒரு நாள் திடீரென்று பார்வை மங்கியது, அதையும் முன்பே சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் 36-லிருந்து 7. அன்றே எல்லாச் சொட்டையும் நிறுத்தினார்கள். டியூப் வைத்தவர்கள் அந்த வாரத்தில் ஊருக்குப் போகாதீர்கள், கல்யாணம் காட்சி எதுவானாலும்.

டியூபின் மேல் உள்ள தோல் தேய்ந்து டியூப் வெளியே தெரிவதும் பின்னாளில் நடக்கும். கண்ணில் முள் குத்துகிற மாதிரி உறுத்தினால் விடக் கூடாது.


கல்மண்டபம் மகள்:

கசிவு மூடிவிட்டது! லென்ஸை எடுத்துவிட்டார்கள். பட்டை வைத்துப் பார்த்தபோது கோடு இறங்கவில்லை. பிரஷர் 9, பின்னால் கோத்த நீரும் வடிந்துகொண்டிருக்கிறது, காலண்டர் தேதி தெரிகிறது என்று அப்பாவே சொன்னார்.

ஆனால் அதற்கு அடுத்த முறை 24. பிளெப் சப்பையாகி, மேலே ரத்தக்குழாய்கள் ஓட ஆரம்பித்திருக்கின்றன, தழும்பு கட்டப் பார்க்கிறது என்றார். லேசரால் உள்ளே இருக்கும் ஒரு தையலை அறுத்துவிட்டார், சில நிமிட வேலை, கொஞ்ச நேரத்தில் 14 வந்தது. ஸ்டீராய்டு சொட்டைத் திரும்பக் கூட்டியிருக்கிறார். ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம், அப்பா "எந்த நம்பர் வந்தால்தான் இவர்கள் சந்தோஷப்படுவார்கள்" என்று கேட்கிறார். கண்ணை விரலால் அழுத்தி மசாஜ் செய்தால் பிரஷர் இறங்கும் என்று யூடியூப்பில் ஒரு வீடியோ வந்தது, தம்பி அனுப்பியிருக்கிறான். செய்யலாமா?


பழைய வார்டு:

வீடியோவைப் பார்த்துச் செய்யக் கூடாது. சிலருக்கு டாக்டரே சொல்லிக் கொடுப்பார், எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தம், எத்தனை விநாடி என்று. அவர் முன்னால் செய்து காட்டிய பிறகு வீட்டில் செய்யலாம். இப்போதுதான் கசிவு மூடின கண், தம்பியிடம் சொல்லிவிடு.

அப்பாவுக்கு நம்பர் பதில் சொல்கிறேன். அவர் நரம்பு எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதைப் பார்த்து டாக்டர் ஒரு இலக்கு வைத்திருப்பார், அதைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வை. எல்லோருக்கும் ஒரே நம்பர் இல்லை. ஸ்டீராய்டு சொட்டை எட்டு வாரம், அதற்கு மேலும்கூடப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள், கண் வெளுத்துவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் தழும்பு கட்டிவிடும். அதே சமயம் சிலருக்கு அதே ஸ்டீராய்டால் பிரஷர் ஏறும், அதனால்தான் அடிக்கடி வரச் சொல்கிறார்கள். திரும்பத் தழும்பு கட்டினால் நீடிலிங் என்று ஒன்று உண்டு, மெல்லிய ஊசியால் தழும்பைக் கிழித்து, தழும்பைத் தடுக்கும் மருந்தும் போடுவார்கள். கண்ணை மரத்துப்போக வைத்துத்தான் செய்வார்கள், ஊசி என்று கேட்டுப் பயப்பட வேண்டாம்.

ஒன்று விட்டுப்போனது. பிரஷர் ஏறி, வலியோடு, முன்னறையும் ஆழம் குறைந்தால் அது வேறு வகைச் சிக்கல், கண்ணின் நீர் தவறான பக்கம் பின்னால் தேங்குவது. நீர் வடியும் கோணம் குறுகலாக உள்ள கண்களில் அதிகம். அது அன்றைக்கே பார்க்க வேண்டியது.


வியாசர்பாடி எக்ஸ்பிரஸ்:

மேலே கோபமாக எழுதியதைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் இந்த டாக்டர் கவனிக்கிறார் என்பது புரிகிறது. சித்திக்கு இப்படி ஒருவர் கிடைத்திருக்க வேண்டும். ஒரு கேள்வி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இதற்கெல்லாம் ஆகுமா? சித்திக்கு இன்னொரு கண்ணுக்கும் செய்ய வேண்டுமாம்.


லென்ஸ் பெட்டி:

அந்த ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டு டெஸ்க் இருக்கும், ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னால் அட்டையையும் ரேஷன் கார்டையும் காட்டி, அந்த சிகிச்சையும் அந்த ஆஸ்பத்திரியும் பட்டியலில் உண்டா என்று கேட்டுவிடுங்கள், பின்னால் கேட்டால் சிரமம். அரசு ஆஸ்பத்திரி என்றால் ஸ்டான்லியிலும் கண் பிரிவு இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். சித்தியின் முதல் கண்ணில் என்ன நடந்தது என்பதை அடுத்து ஆபரேஷன் செய்யப்போகிறவரிடம் பேப்பரோடு காட்டுங்கள். தையலின் இறுக்கத்தையும் மைட்டோமைசின் அளவையும் அதைப் பார்த்து மாற்றுவார்கள்.

கல்மண்டபம் சகோதரி, அப்பாவின் கூடப் பிறந்தவர்கள், நீங்கள், உங்கள் தம்பி எல்லோரும் 40 வயது ஆகாவிட்டாலும் ஒருமுறை கண் பிரஷரும் நரம்பும் பார்த்துவிடுங்கள். ரத்த சொந்தத்தில் இருந்தால் வருகிற வாய்ப்பு பல மடங்கு. வலியே இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டு போகும், தெரிகிறபோது பாதி போயிருக்கும். தீர்ப்பு சொன்ன அத்தையையும் கூட்டிப் போங்கள்.


கல்மண்டபம் மகள்:

அத்தைக்குப் பார்த்தோம். இரண்டு கண்ணிலும் 26, நரம்பில் ஆரம்பப் பாதிப்பு. சொட்டு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். தம்பிக்கு ஒன்றும் இல்லை, வருடத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள்.

அப்பாவுக்கு இப்போது 13. புதுக் கண்ணாடி போட வேண்டும் என்று அவசரப்படுகிறார், பழைய கண்ணாடியில் எழுத்து இரண்டாகத் தெரிகிறதாம். தெருமுனைக் கடையில் போட்டுக்கொள்ளலாமா?


லென்ஸ் பெட்டி:

இப்போது வேண்டாம். தையல் இழுப்பால் கண்ணின் வளைவு மாறிக்கொண்டிருக்கும், இன்று போட்ட பவர் அடுத்த மாதம் பொருந்தாது, பணம் வீண். ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் கழித்து, பிரஷர் ஒரே அளவில் நின்ற பிறகு பாருங்கள். அதற்குள் லென்ஸில் காடராக்ட் கூடியிருக்கிறதா என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அது சீக்கிரம் வளரும். அதுவரை படிப்பதற்கு இடது கண்ணை வைத்துச் சமாளிக்கட்டும், பேப்பரை நீங்கள் படித்துக் காட்டுங்கள். கடைக்கு வருகிறபோது டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். பிளெப் இருக்கிற கண் என்று தெரியாமல் யாரும் இமையை அழுத்திப் பார்க்கக் கூடாது.